உள்ளே இருப்பவளுக்கு ஒரு வரி

பிப்ரவரி 6

டேய் போதகா,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் பிரசங்கத்தை ஊரே கேட்கிறதாமே.

நேற்றுக் காலை பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். வெறும் தட்டு இல்லை. தட் தட் தட், கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தட் தட். எந்த ரேடியோவைத் திருப்பினாலும் கேட்கிறதே, அந்தப் பாட்டின் தாளம். "ஒரு தடவை இல்லேன்னா நூறு தடவை தட்டுவேன், உன் வீட்டுக் கதவுக்கே என் விரல் தெரியும்" என்று ஒருத்தன் துள்ளித் துள்ளிப் பாடுவானே, அதுதான். டிப்போவில் மெக்கானிக்குகள் நாள் முழுக்க அதைத்தான் பாடுகிறார்கள். நானும் பஸ் சீட்டுக்கு ரெக்ஸின் இழுத்து ஸ்டேப்பிள் அடிக்கும்போது அந்தத் தாளத்தில்தான் அடிப்பேன், அவ்வளவு பிடிக்கும்.

பாப்பா பாதிப் பின்னலோடு எழுந்து ஓடினாள். மேல்வீட்டு அக்காள்தான் விளையாட்டுக்குத் தட்டுகிறாள் என்று நினைத்திருப்பாள், பாவம். நல்ல வேளையாகச் சங்கிலி போட்டிருந்தேன். அந்த இடுக்கில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் பாப்பாவைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அவர்தான்.

"பயப்படாதே. நான் உள்ள வர மாட்டேன். திறக்கிற வரைக்கும் தட்டிக்கிட்டே இருன்னு உன் தம்பிதான் சொன்னார், பிரசங்கத்துல" என்றார்.

கதவைச் சாத்தினேன். அதன் பிறகும் வெகுநேரம் தட்டினார், மெதுவாக, தாளம் தப்பாமல். அவர் போனதும் மேல்வீட்டுக்குப் போய், அந்த நீச்சல் டீச்சர் அக்காளின் போனில் உன் பிரசங்கத்தைத் தேடிப் போடச் சொல்லிக் கேட்டேன். முழுசாகக் கேட்டேன். உன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. "விடாமுயற்சியுள்ள விசுவாசம்" என்று தலைப்பு. இடையிடையே அந்தப் பாட்டு, பின்னால் அவருடைய டிரம்ஸ். அந்தக் கை எனக்குத் தெரியாதா?

நான் இந்த ஊரில் இருப்பது உனக்கு மட்டும்தான் தெரியும். சித்தியிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பாப்பாவோடு குளியலறையில் ஒளிந்திருந்தபோது அவர் உடைத்த கதவை உன் கண்ணால் பார்த்தவன் நீ. எங்களை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்தவனும் நீ.

எப்படித் தெரிந்தது அவருக்கு? அதை மட்டும் எழுது. போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், அது உனக்கும் தெரியும். காகிதத்தில் எழுது.

அக்கா


பிப்ரவரி 12

அன்பு அக்காவுக்கு,

உனக்கும் பாப்பாவுக்கும் தேவ சமாதானம் துணை நிற்கட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் முகவரியை நான் அத்தானிடம் கொடுக்கவில்லை. வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்வேன். அவர் கேட்கவும் இல்லை.

அந்தப் பிரசங்கம் பிறந்த கதையைச் சொன்னால் நீ சிரிப்பாய். நம் சபை டயர் கடை மாடியில் நடக்கிறது இல்லையா? சனிக்கிழமை உட்கார்ந்து யோசிக்கிறேன், ஒரு வரி ஓடவில்லை. கீழே டயர் கடைக்காரர் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார். போய்ச் சத்தம் போடலாம் என்று எழுந்தேன். படியில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். மழையில் நனைகிறான், நாய் துரத்துகிறது, பெண்ணின் அப்பா திட்டுகிறார், அவன் சிரித்துக்கொண்டே மறுபடி வந்து தட்டுகிறான்! உபத்திரவத்திலும் சந்தோஷமாக இருங்கள் என்று நாம் படித்தது இதுதானே என்று தோன்றியது. வேதத்தில் நீதிபதியை விடாமல் தொந்தரவு செய்த அந்த விதவை ஞாபகத்துக்கு வந்தாள். இன்னொன்று கவனித்தாயா? பாட்டு முடியும்போதுகூடக் கதவு திறந்ததா என்று சொல்வதில்லை, தட்டும் சத்தத்தோடு முடிகிறது. காணாமல் நம்புவதுதான் விசுவாசம் என்று அதை வைத்துத்தான் முடித்தேன். வாலிபப் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள், அக்கா.

அத்தான் மாறிவிட்டார். உனக்கு எழுதவில்லை, பயந்தேன். எட்டு மாதமாகச் சபைக்கு வருகிறார். குடியைத் தொடுவதில்லை. முதலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமல் சும்மா கிடந்தது, ஒரு நாள் எடுத்து வாசித்தார். அதிலிருந்து வாலிபர் ஆராதனைக்கு நிற்க இடமில்லை. அந்தப் பிரசங்கம் முடிந்ததும் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான் பொதுவாகத்தான் சொன்னேன். அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

கதவைத் திற என்று நான் சொல்லவில்லை. சங்கிலி போட்டபடியே ஒரே ஒரு நிமிடம் பேசிப் பார். அவ்வளவுதான்.

உன் தம்பி


பிப்ரவரி 20

டேய்,

ஒரு நிமிடம் பேசச் சொல்கிறாய். நேற்று அவர் பேசினார், நான் கேட்டேன். தனியாக வரவில்லை. உன் சபைப் பெண்கள் இரண்டு பேர் கூட. வாசலில் நின்று மெதுவாகப் பாட்டு வேறு. கீழ்வீட்டு அம்மா நாற்காலி போட்டு உட்காராத குறை. அவர்கள் போன பிறகு மேலே வந்து, "எவ்வளவு பொறுமையான மனுஷன்! எம் புருஷன் ஒரு தடவை கூப்பிட்டு நான் வரலேன்னா டிவியை போட்டுடுவாரு. நீ ஏம்மா இப்படி கல்லா இருக்கே?" என்று என்னைக் கேட்டாள்.

பார்த்தாயா, இப்போது கல்நெஞ்சக்காரி நான்.

உன் பிரசங்கத்தை மறுபடி கேட்டேன். டிப்போவில் சாப்பாட்டு வேளையில், ஒரு மெக்கானிக்கின் போனில், பாதி தைத்த சீட்டின் மேல் உட்கார்ந்து. ஒன்று மட்டும் புரியவில்லை. அந்தப் பாட்டில் கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்குப் பாட்டு முழுவதும் வரிகள். உள்ளே இருக்கிறவளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அவள் ஏன் திறக்கவில்லை என்று அவனும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. படியில் நின்று நாயைக்கூடக் கவனித்தாயே, அவளை விட்டுவிட்டாயே.

அந்த விதவையை இழுத்தாய். அவள் யாரைத் தொந்தரவு செய்தாள்? தனக்கு அநியாயம் செய்தவன் மேல் நியாயம் கேட்டு நீதிபதியிடம் போனாள். அநியாயம் செய்தவன் அவள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. அந்தக் கதையில் அவருக்கு நீ விதவை வேஷம் போட்டுவிட்டாய். அது நான், தம்பி. நியாயம் கேட்டு உன்னிடம்தான் வந்தேன். அந்த நீதிபதியாவது கடைசியில் அலுத்துப்போய் நியாயம் செய்தான்.

விடாமுயற்சி பற்றி எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். ஊசி பிடிக்கத் தெரியாமல் இந்தப் பட்டறைக்கு வந்தேன். முதல் மாதம் நான் தைத்த சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஸ்டேப்பிள் குத்தியது. இன்று பெரிய பஸ்களுக்கு என்னைத்தான் கேட்கிறார்கள். பாப்பா ஒரு வருஷம் விளக்கை அணைக்க விடவில்லை, இப்போது தானாகவே தூங்குகிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வந்து தட்டும்போது அந்தக் கதவைத் திறக்காமல் இருக்கிறேனே, அதுவும் விடாமுயற்சிதான். அதற்கு யாரும் எழுந்து நின்று கை தட்டுவதில்லை.

டிப்போ வாசலில் காத்திருந்து என் பின்னாலேயே வந்து வீட்டைக் கண்டுபிடித்தேன் என்று கீழ்வீட்டு அம்மாவிடம் அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டிப்போ என்று அவரிடம் சொன்னது யார்? முகவரி கொடுக்கவில்லை என்று வேதத்தின் மேல் கை வைக்கிறாய். கையை எடுத்துவிட்டுப் பதில் சொல்.

அக்கா


பிப்ரவரி 26

அன்பு அக்கா,

உன் கேள்வியை வைத்துக்கொண்டு நான்கு நாள் முழங்காலில் நின்றேன். இப்போது புரிகிறது.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பாரத்தைச் சொல்லி ஜெபிப்போம். உனக்குத் தெரியாததா? பொத்தாம் பொதுவாக ஜெபிக்காதீர்கள், பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, குறிப்பாகக் கேளுங்கள் என்று நான்தான் சபைக்குப் பழக்கினேன். பிரசங்கம் செய்த அந்த வாரம் என் முறை வந்தபோது உனக்காக ஜெபித்தேன். மனம் உடைந்து ஜெபித்தேன். ஊர் பேர் சொன்னேன். "பஸ் டிப்போவில் சீட் தைத்துப் பிழைக்கிற என் அக்காவைக் கண்ணோக்கிப் பாரும் ஆண்டவரே" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. கண்ணை மூடியிருந்தேன். அத்தான் அங்கே டிரம்ஸில் உட்கார்ந்து மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

இது என் புத்தியீனம். துரோகம் இல்லை, அக்கா. உன்னைக் கடவுளிடம்தான் காட்டினேன், வேறு யாரிடமும் இல்லை. மன்னித்துவிடு.

அந்தப் பெண்கள் இனி வர மாட்டார்கள், சொல்லிவிட்டேன். அத்தானிடமும் பேசினேன். "நான் அவளைத் தொட மாட்டேன், தட்ட மட்டும்தான் செய்வேன்" என்கிறார். அதில் தப்பு எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு செய்தி, வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் பெரிய வாலிபர் மாநாட்டில் இதே பிரசங்கத்தைச் செய்ய என்னை அழைத்திருக்கிறார்கள். அத்தான் தான் மாறிய கதையை மேடையில் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள். நம் டயர் கடை மாடிக்கு வந்த முதல் அழைப்பு இது. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைக்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் மறைத்தேன் என்று இருக்கக் கூடாது.

உன் தம்பி


மார்ச் 6

நேற்று என்ன நடந்தது என்பதை உன் டிரம்மர் உன்னிடம் எப்படிச் சொல்லியிருப்பார் என்று தெரியாது. நான் சொல்கிறேன்.

காலையில் வந்தார். வழக்கம்போல் தாளத்தோடு ஆரம்பித்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாளம் போய்விட்டது. வெறும் தட்டு. அப்புறம் உள்ளங்கையால். "எத்தனை வாரமா வர்றேன், உனக்கு இரக்கமே கிடையாதா?" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். குடிக்கவில்லை, சத்தியமாகக் குடிக்கவில்லை. குடிதான் காரணம் என்று நாம் இத்தனை வருஷம் நம்பினோமே, அதுவும் போயிற்று. பிறகு தோளால் இடித்தார். மூன்றாவது இடியில் சங்கிலி பிடுங்கிக்கொண்டு வந்தது.

நீச்சல் டீச்சர் அக்காள் படியில் இறங்கி வந்து போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. போலீஸுக்குச் சொன்னதும் அவள்தான். அவர்கள் வந்து கூட்டிப்போகும்போது அவர் அழுதுகொண்டே போனார். கீழ்வீட்டு அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு முழங்கையில் வீக்கம், வேறொன்றும் இல்லை.

எல்லாரும் போன பிறகுதான் பாப்பாவைத் தேடினேன். குளியலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஒளிந்துகொள் என்று நான் சொல்லவே இல்லை. நான் தட்டினேன். அவள் திறக்கவில்லை. "அம்மாதான்டி" என்றேன். "பாட்டுத் தாளத்துல தட்டாம சும்மா பேசு" என்றாள். பேசிக்கொண்டே இருந்த பிறகுதான் திறந்தாள். ஒன்பது வயசுக் குழந்தை, தம்பி. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வாசற்படியில் நின்று தட்டும் ஆண்டவரின் படம் ஒன்று ஞாயிறு பள்ளியில் மாட்டியிருக்குமே. உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அதன் கீழே உட்கார வைத்தவள் நான்தான். அந்தக் கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது, உள்ளே இருக்கிறவர் திறந்தால்தான் உண்டு என்று டீச்சர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆண்டவர் இடிக்கவில்லை. ஆள் அனுப்பவில்லை. உள்ளே இருக்கிறவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஊர் பேச விடவில்லை. உன் பிரசங்கத்தில் அதற்கு இடம் இல்லாமல் போனது ஏன்?

இரண்டு விஷயம் கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே மைக்கில் நின்று, "நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், திறக்காத கதவை மதிப்பதும் விசுவாசம்தான்" என்று சொல். உன் அக்கா என்று சொல்ல வேண்டாம், அவர் பேரையும் சொல்ல வேண்டாம். அது போதும்.

இரண்டாவது, உண்மை. கண்ணை மூடி ஜெபித்தேன் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். என் ஊரைச் சொன்னபோது அவர் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த மனுஷனை எனக்குத் தெரியும். என் ஊர்ப் பேர் காதில் விழுந்ததும் அவர் கை நின்றிருக்கும். டிரம்ஸ் நின்றது உனக்குக் கேட்கவில்லையா?

அக்கா


மார்ச் 15

அக்கா,

கேட்டது.

ஊர் பேரைச் சொன்னேன், டிரம்ஸ் நின்றது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கண்ணைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் டிப்போவைச் சொன்னேன். நல்லதுக்குத்தான், ஒரு குடும்பம் சேரும் என்று நினைத்தேன். நானாகச் சொன்னால் உனக்குத் துரோகம் ஆகிவிடும், ஜெபத்தில் வெளிவந்தால் அது ஆண்டவர் நடத்தியதாக இருக்கும் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். எழுதும்போதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பாப்பா சொன்னதைப் படித்த பிறகு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாமா மன்னிப்புக் கேட்டதாக அவளிடம் சொல்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொல்லத்தான் நின்றேன். சபை நிறைந்திருந்தது. அத்தான் வந்திருந்தார், ஜாமீனில். டிரம்ஸில் உட்காரவில்லை, பழையபடி கடைசி வரிசையில். எல்லாரும் அவருக்காக அழுதுகொண்டிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறுமையைப் பற்றிக் கொஞ்சம் பேசி முடித்துவிட்டேன். இந்த வாரம் கட்டாயம் சொல்வேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். புகாரை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்வாயா? அவர் மேல் வழக்கு இருந்தால் மாநாட்டு மேடையில் ஏற்ற மாட்டார்கள். அவர் இல்லையென்றால் என்னையும் கூப்பிட மாட்டார்கள். அவர் மறுபடி குடிக்குப் போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது. புகார் வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்தால் உன் ஊர்ப் பக்கமே வர மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். நான் பொறுப்பு. மாநாட்டில் உன் பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். இன்னும் நிறைய பேர் கேட்பார்கள் அல்லவா? ஒரே ஒரு தடவை என்னை நம்பு.

தம்பி


மார்ச் 20

தம்பி,

"கேட்டது" என்று ஒரு வார்த்தை எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. என் தம்பி இன்னும் எங்கேயோ இருக்கிறான் என்று தோன்றியது. கடிதத்தை அந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். பக்கத்தைத் திருப்பினேன். என் உடைந்த கதவை மேடைக்கு அனுமதிச் சீட்டாகக் கேட்கிறாய்.

புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன். அவர் குடித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை, நீயும் இல்லை. உன் மாநாடு உன்பாடு. போவதானால் போய்ப் பேசு. உனக்குப் பேச வரும்.

அவரை நான் என்றைக்கோ தொலைத்துவிட்டேன். அதற்கு அழுது தீர்த்தாயிற்று. அவர் என்னை அடித்தபோது எனக்கு வலித்தது, ஆனால் அதிசயமாக இல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு டிப்போவைச் சொன்னாயே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உன்னை நான் சந்தேகப்பட்டதே இல்லை. வாழ்க்கையில் ஒரு ஆளிடம் மட்டும் சங்கிலி போடாமல் கதவைத் திறந்து வைத்திருந்தேன், அது நீ.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். வேலையும் மாறிவிட்டது. டிப்போவில் விசாரித்தால் யாரும் சொல்ல மாட்டார்கள், மெக்கானிக்குகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இந்தக் கடிதத்தைத் தூரத்து ரூட் ஓட்டும் டிரைவர் ஒருவரிடம் கொடுக்கிறேன், எங்கேயோ ஓர் ஊரில் பெட்டியில் போடுவார். தபால் முத்திரையைப் பார்த்துத் தேடி அலையாதே. பாப்பா நன்றாக இருக்கிறாள். நீ மன்னிப்புக் கேட்டதை அவளிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

உனக்குப் பதில் எழுத வழி இல்லை. அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சின்ன வயசிலிருந்து எதுவானாலும் உன்னிடம் சொல்லியே பழகிவிட்டேன். இப்போதுகூடப் புது வேலையைப் பற்றி உனக்கு எழுத வேண்டும்போல் கை அரிக்கிறது. எழுத மாட்டேன்.

எனக்காக ஜெபிக்காமல் உன்னால் இருக்க முடியாது என்று தெரியும். ஜெபி. ஆனால் வாயைத் திறக்காதே. நான் எங்கே இருக்கிறேன் என்று ஆண்டவருக்கு நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அக்கா